நான்கு மணி நேரம் மேசையில் கிடந்த எச்சரிக்கை

மார்ச் 3

என் மகனைக் கொன்றது கொள்ளையர்கள் மட்டுமல்ல. எங்கள் கடல் கண்காணிப்பு அறையும்தான். துப்பாக்கிகளோடு இரண்டு படகுகள் கப்பல் பாதைக்கு வருவதாக அண்டை நாட்டுக் கண்காணிப்பு அறை காலை ஒன்பதுக்கே எச்சரித்திருக்கிறது. அந்தத் தாள் பகல் ஒரு மணி வரை மேசையில் கிடந்தது. பன்னிரண்டரைக்கே கொள்ளையர்கள் அவனுடைய கப்பலில் ஏறிவிட்டார்கள்.

மார்ச் 5

உடல் வந்தது. கழுத்தில் வெட்டு. வலது கையில் மூன்று விரல்கள் இல்லை.

கப்பல் சமையல்காரர் அழுதார். "இன்ஜின் ரூம் கதவை விடவே இல்லைங்கய்யா. விரலை வெட்டின பிறகும் தோளால முட்டுக் கொடுத்தான். உள்ள நாங்க ஒன்பது பேர்."

என் பிடிவாதம் அவனுக்கும்.

மார்ச் 6

மருமகள் சாப்பிடவில்லை. நானும்.

மார்ச் 9

கண்காணிப்பு அறைக்குப் போனேன். முப்பத்தொரு வருடம் நான் உட்கார்ந்த நாற்காலியிலிருந்து இப்போதைய பணியாளன் எழுந்தான். "உட்காருங்கய்யா."

சட்டையைப் பிடித்துச் சுவரில் மோதினேன். அவன் மூக்கு உடைந்து என் கையெல்லாம் ரத்தம். அவன் தடுக்கக்கூட இல்லை.

"வெளிநாட்டுத் தகவலை நம்ம ரேடார்ல பார்த்து உறுதி பண்ணாம கப்பல்களுக்குச் சொல்லக் கூடாதுன்னு விதிங்கய்யா. அன்னைக்கு ரேடார் பழுது."

"எந்த மடையன்டா போட்டான்?"

சுவரைக் காட்டினான். கண்ணாடிக்குள் பழுத்த தாள். அடியில் என் கையெழுத்து.

மார்ச் 10

ஆமாம், நான்தான். பத்தொன்பது வருடம் முன்பு அண்டை நாட்டு அறை அனுப்பிய தவறான தகவலை நம்பி, நம் காவல் படை ஒரு மீன்பிடிப் படகைச் சுட்டது. நான்கு பிணங்கள். அதனால் எழுதினேன். எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவன் எழுதிய விதி – பெருமையில் கண்ணாடி போட்டு மாட்டவும் வைத்தேன். அன்று அது சரி. இன்றும் சொல்வேன், சரி.

ஆனால் ரேடார் கெட்டால்? அதை எழுதத் தோணலையே... ஒரு வரிதானே, ஏன் தோணல? இன்னும் யாரையாவது அடிக்கணும்போல கை துடிக்குது. யாரை?

மருமகளிடம் சொன்னேன். அவள் கேட்டாள்: "விசாரணையில இதைச் சொல்லுவீங்களா மாமா, இல்ல அந்த மூக்கு உடைஞ்சவர் தலையிலேயே கட்டிடுவீங்களா?"

மார்ச் 14

நாளை விசாரணை. செய்ய வேண்டியவை:

துறைமுக அதிகாரி – எந்த நாட்டு எச்சரிக்கையானாலும் பத்து நிமிடத்தில் எல்லாக் கப்பல்களுக்கும் போக வேண்டும். 'உறுதியாகவில்லை' என்று சேர்த்துச் சொல்லட்டும். சொல்லாமல் இருக்கக் கூடாது.

இரண்டு நாட்டு அறைகளும் – நேரடித் தொலைபேசி. எடுக்க ஆள், எந்நேரமும்.

காவல் படை – உறுதியாகாத தகவலை வைத்துச் சுடக் கூடாது. போய்ப் பார்க்க வேண்டும்.

பணியாளன் – என்மேல் புகார் கொடுக்க வேண்டும். மாட்டேன் என்கிறான். கொடுத்தே ஆக வேண்டும்.

மருமகள் – முன்வரிசையில் உட்கார வேண்டும்.

நான் – கண்ணாடியை உடைத்துத் தாளை எடுத்துப் போக வேண்டும். கடைசி வரிவரை உரக்க வாசிக்க வேண்டும். கீழே இருக்கும் பெயரையும்.