அடையாறு பாலத்தில் அறுபடாத குரல்

பாய்,

இன்று காலை வேனின் பின்கதவைத் திறந்தேன். வெயிலில் வெந்த பஞ்சும் சூடேறிய பிளாஸ்டிக்கும் கலந்த அந்த வாசனை முகத்தில் அடித்தது. டவர் சிக்னலைச் சோதிக்கச் செல்போன்களை வரிசையாகப் பதித்து நீ செய்த மரத்தட்டுதான். என்னையும் அறியாமல், “ஏசியப் போடவா பாய்?” என்று கேட்டுவிட்டேன். பக்கத்தில் நின்ற புது இன்ஜினியர் பெண், “யாரைக் கேக்கறீங்க அங்கிள்?” என்றாள். வண்டியைத்தான் என்றேன். நான் கேட்டால் வண்டி பதில் சொல்லும் என்பது உனக்குத் தெரியும். அவளுக்கு இன்னும் தெரியாது.

தட்டைக் கழற்றத்தான் கம்பெனியில் அவளை அனுப்பியிருக்கிறார்கள். டவர்களில் நீ போட்டுவைத்த ஏற்பாட்டையே எடுத்துவிடப் போகிறார்களாம். வீண் செலவாம். சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு கதவின் குறுக்கே நின்றேன். அப்போது என்னைப் பார்த்திருந்தால் மெரினாவில் எனக்கும் ஒரு சிலை வைக்கலாம் என்று சொல்லியிருப்பாய்.

நான் எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை நிறுத்தினவன். பள்ளிக்கூடம்தான் என்னை நிறுத்தியது என்று நங்கநல்லூரில் சிலர் சொல்வார்கள், அதை விடு. உன் வேலை என்னவென்று எனக்கு ஒரே டீயில் புரியவைத்தாயே, மந்தைவெளிக் கடையில்? ஆம்புலன்ஸ் கட்டுப்பாட்டு அறையில் ஒருவர் பேசினால் ஊரில் ஓடும் அத்தனை ஆம்புலன்ஸுக்கும் அது ஒரே நேரத்தில் கேட்க வேண்டும். ஆளுக்கு ஒரு லைன் போட்டால் டவர் தாங்காது. அதனால் அந்தக் குரலை ஒரே ஓட்டமாக விட்டு, எந்த டவரின் கீழ் கேட்க ஆள் இருக்கிறதோ அந்த டவருக்கு மட்டும் திருப்புவார்கள். வண்டி ஒரு டவரை விட்டு அடுத்ததற்கு மாறும்போதுதான் வம்பு.

“தண்ணி லாரி மாதிரி நைனா,” என்றாய். “யாராவது கேட்டாத்தான் அந்தத் தெருவுக்கு லாரி வரும். நீ கொடத்தத் தூக்கிக்கினு பக்கத்துத் தெருவுக்குப் போற. அங்க ஏற்கெனவே ஒருத்தன் புடிச்சிக்கினு இருந்தா உனுக்கு இன்னா கவலை, லாரி நிக்குது. யாருமே இல்லாத தெருன்னா? நீ போயி கேட்டு, லாரி வர்ற வரைக்கும் வெறுங்கொடம். மொதல்ல போறவனுக்குத்தான் அடி.”

உன் ஏற்பாடு இவ்வளவுதான். ஆள் கிளம்பும்போதே இந்தத் தெரு அந்தத் தெருவிடம் சொல்லிவிடும்: வர்றான், லாரியக் கூப்ட்டு வை. அங்கே தண்ணீர் விழும்வரை இங்கே குழாயை மூடாது. இந்த லாரிக் கதையை உனக்குச் சொல்லிக்கொடுத்ததே நான்தான் என்று இப்போது ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறேன். மறுக்க நீ இல்லையே.

கோட்டு சாரை நினைவிருக்கிறதா? சித்திரை வெயிலிலும் கோட்டைக் கழற்றாத உன் மேலாளர். உன் ஏற்பாட்டை அணைத்துவிட்டு அடையாறு பாலத்தைத் தாண்டுவோம், குரல் அறுந்தால் உன் வேலையை எல்லா டவரிலும் போடுகிறேன், அறாவிட்டால் உன் குழுவையே கலைக்கிறேன் என்று வண்டியில் ஏறி உட்கார்ந்தார். சோதனைக்கு ஓடிய குரல் உன்னுடையது. பேசச் சொன்னால் மனிதர்கள் வணக்கம், ஹலோ என்பார்கள். நீ உன் வீட்டு மட்டன் பிரியாணியைச் செய்முறையோடு பேசிப் பதிந்து வைத்திருந்தாய்.

பாலம் தாண்டினோம். பிரியாணி எங்கேயும் அறுபடவில்லை. கோட்டு சார் சிரித்தார்.

“என்ன சார், ஸ்மூத்தா வருதே? இதுக்கா இத்தனை நாள் சம்பளம் வாங்கினீங்க?”

உன் முகம் வெளுத்துவிட்டது. நான் பார்த்ததிலேயே அந்த ஒரு நாள்தான். பிறகு சன்னல் வழியே எட்டிப் பார்த்தாய். எதிர்க்கரை முனையில், நம்மை வரவேற்கவென்று கோட்டு சாரின் உதவியாளர் முன்னாலேயே வந்து நின்றிருந்தார். காதில் போன். அதிலும் உன் பிரியாணிதான்.

“சார், அவர் கேட்டுக்கினு கீறாரு. அதான் லாரி அங்க நிக்குது,” என்று கத்தினாய்.

“என்ன லாரி? எனக்கு டைம் இல்ல. டிரைவர், ஆபீசுக்கு விடுங்க.”

நான் விட்டது யு டர்ன். அடையாறு இன்றுவரை அப்படி ஒரு யு டர்னைக் கண்டதில்லை. ஒரு போலீஸ்காரர் சல்யூட் அடித்தார் என்றே சொல்லிவருகிறேன். “யோவ், எங்க போற?” என்றார் கோட்டு சார். “வண்டி பாலத்துக்குப் பழகிக்கீது சார், நான் இன்னா பண்ண முடியும்?” என்றேன். நீ அதற்குள் உதவியாளரைக் கூப்பிட்டு அவர் போனை அணைக்கச் சொல்லியிருந்தாய். கிளம்பின கரைக்கே போய்த் திரும்பி மறுபடி பாலத்தில் ஏறினோம். பாலத்தின் நடுவில் உன் குரல், “கறி பாதி வெந்ததும் அதுல…” என்றது. பிறகு சத்தமே இல்லை. எதிர்க்கரை நெருங்கியபோதுதான் “…அவ்ளோதான், தம்ல போடு,” என்று மறுபடி வந்தது.

கோட்டு சாருக்கே வாய் திறந்துவிட்டது. “அதுல என்ன போடணும்?”

“அதான் சார் பிரச்சன,” என்றாய். “இது பிரியாணி. ஆம்புலன்ஸ்காரனுக்கு அந்த எடத்துல ஆஸ்பத்திரி பேரு வந்திருக்கும்.”

உன் ஏற்பாட்டைப் போட்டுவிட்டு இன்னொரு முறை தாண்டினோம். தயிரும் புதினாவும் சிந்தாமல் சிதறாமல் அக்கரை சேர்ந்தன. அவர் உன் வேலையை ஏற்றுக்கொண்டார். என்மேல் புகாரும் எழுதினார். இரண்டிலும் எனக்குப் பெருமைதான்.

நெஞ்சுவலி என்று உன்னை ஏற்றிக்கொண்டு போன ஆம்புலன்ஸும் அதே பாலத்தில்தான் போனது. நான் முன்சீட்டில். ஆழ்வார்பேட்டை ஆஸ்பத்திரியில் இடமில்லை, அபிராமபுரம் போங்கள் என்று ஸ்பீக்கர் பெட்டியில் வந்த குரல் பாலத்தின் நடுவில் ஒரு எழுத்துகூட விழுங்கவில்லை. வழி தப்பவில்லை, நேரமும் தப்பவில்லை. உன்னைத்தான் நிறுத்திவைக்க முடியவில்லை. அந்தக் குரலைக் கேட்டு நீ பின்னாலிருந்து கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினாய் என்று உன் வீட்டில் சொல்லியிருக்கிறேன். நீ கண்மூடித்தான் கிடந்தாய். இருந்தாலும் கேட்டிருப்பாய், எனக்குத் தெரியும்.

இன்று அந்தப் பெண் சொன்னாள்: “இப்ப எங்க பாத்தாலும் ஒரு ஆம்புலன்ஸ் நின்னுட்டுதான் இருக்கு அங்கிள். எந்த டவரும் காலியா இல்ல. மொதல்ல போற ஆளுன்னு இப்ப யாருமே கிடையாது.”

“வெள்ளத்துல ஊரே முங்கினப்போ பாலத்துக்கு அந்தாண்ட எத்தினி வண்டிம்மா நின்னுச்சு? ஒண்ணுகூட இல்ல.”

அவளை உட்கார வைத்து, கோட்டு சார் கதையைச் சொல்லி, உன் பிரியாணியை முழுதாகக் கேட்கவிட்டேன். முடிந்ததும் திருப்புளியைப் பைக்குள் போட்டுக்கொண்டாள். “வெள்ளிக்கிழமை மேல இருக்கறவங்களைக் கூட்டிட்டு வரேன். எதிர்க்கரைல யாரும் போன் வெச்சுட்டு நிக்காமப் பாத்துக்கறதும் என் பொறுப்பு,” என்றாள்.

வரட்டும். எத்தனை கோட்டு வேண்டுமானாலும் வரட்டும். தட்டு அங்கேயேதான் இருக்கும், சாவி என் பையில். அறுந்த இடத்தில் என்ன போனது என்று அவர்கள் வாயாலேயே கேட்கவைக்கிறேன்.

மொதல்ல போறவனுக்குத்தான் அடி என்று சொல்லிவிட்டு நீயே முதலில் போய்விட்டாய். சும்மா இருந்திருக்க மாட்டாய், அந்தத் தெருவுக்கு லாரியைக் கூப்பிட்டு வைத்திருப்பாய். நான் வரும்போது ஒரு சொட்டு சிந்தாது, அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் இப்போதைக்கு வருகிற உத்தேசம் இல்லை, பாய். பாலத்தில் வேலை இருக்கிறது.