வாங்காமல் விட்ட மூன்றாம் மாடி

என் அன்பு ரெட்டைச்சுழிக்கு,

அம்மா எழுதிக்கொள்வது. நாங்கள் இருவரும் நன்றாக இருக்கிறோம், அப்பாவின் இடது முழங்கால் மட்டும் எங்களோடு ஒத்துப்போகாமல் தனிக்குடித்தனம் நடத்திக்கொண்டிருக்கிறது. நீயும் மாப்பிள்ளையும் நோய்நொடி இல்லாமல், சண்டை போட்டாலும் சாப்பிடுகிற நேரத்துக்குள் சமாதானமாகி, சந்தோஷமாக இருக்க வேண்டும் என்பதுதான் காலையில் கண் விழித்ததும் எனக்கு வரும் முதல் நினைப்பு. அங்கே குளிர் ஆரம்பித்துவிட்டது என்றாயே, காதை மூடிக்கொண்டு வெளியே போ, சின்ன வயதிலிருந்தே உனக்குக் காது வழியாகத்தான் ஜுரம் வரும். போனில் பேசாமல் எதற்குக் கடிதம் என்று நினைப்பாய். போனை எடுத்தாலே அப்பா ஸ்பீக்கரைப் போட்டுவிட்டுப் பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொள்கிறார், இது அவரை வைத்துக்கொண்டு சொல்லக்கூடிய விஷயம் இல்லை. இப்போது முடிவெட்டிக்கொள்ளப் போயிருக்கிறார். அங்கே கிடக்கிற பேப்பர் எல்லாவற்றையும் படித்து முடித்த பிறகுதான் நாற்காலியில் ஏறுவார், அதனால் எனக்கு இரண்டு மணி நேரம் இருக்கிறது.

வீட்டுக்காரர் மகன் மறுபடியும் வந்துவிட்டுப் போனான். இந்த வருஷக் கடைசிக்குள் காலி பண்ணித் தந்தால் போதும் ஆன்ட்டி, இடிச்சுக் கட்டப்போறோம் என்றான், பாவம், அவனுக்கே சொல்லக் கஷ்டமாகத்தான் இருந்தது, நீ அவனுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்தது ஞாபகம் வந்ததோ என்னவோ. முப்பத்தோரு வருஷம் இருந்த வீடு. எந்தப் படியில் காலை வைத்தால் கீழ் வீட்டுக்குச் சத்தம் கேட்காது என்று எனக்கு இன்னமும் மனப்பாடம். உன் பரீட்சைக் காலத்தில் அவர்கள் தண்ணீர் மோட்டாரை நிறுத்தி வைப்பார்களே, நீ அழுக்குத் துணியைக் கையில் வைத்துக்கொண்டு குதிகுதியென்று குதிப்பாயே, அதெல்லாம் இப்போது நினைத்தால் சிரிப்பாக வருகிறது, அன்றைக்கு வரவில்லை. போன வாரம் நீ அந்தப் புறநகர் அபார்ட்மென்டின் படங்களை அனுப்பி, பத்து நாளில் முடிவு சொல்லணும்மா, அப்பா அன்னிக்குப் பயந்துக்கிட்டு விட்டதை நான் வாங்கித் தந்துடறேன் என்றாயே, அப்போது ஸ்பீக்கர் போட்டிருந்தது. அப்பா கேட்டுக்கொண்டுதான் இருந்தார். ஒன்றும் சொல்லாமல் எழுந்து போய் மாடியில் காய்ந்த துணிகளை எடுத்து ஒவ்வொன்றாக மடித்து வைத்தார். நானும் ஒன்றும் சொல்லவில்லை. அந்த ஒன்றும் சொல்லாததைத்தான் இன்றைக்குச் சொல்ல உட்கார்ந்திருக்கிறேன்.

முதலில் வீட்டைப் பார்த்த கதையைக் கேள். ஞாயிற்றுக்கிழமை காலையில் போனோம். பதினொன்றாவது மாடி. வழவழவென்று இருக்கிறது எல்லாம், சமையலறையில் இரண்டு பேர் முழங்கை இடிக்காமல் நிற்கலாம், அதுவே எனக்குப் பெரிய விஷயம். அப்பா வீட்டை எங்கே பார்த்தார், லிப்டைத்தான் பார்த்தார். கதவு மூடும் சத்தத்தைக் காது கொடுத்துக் கேட்டு, ஒவ்வொரு மாடியிலும் தரையோடு சமமாக நிற்கிறதா என்று செருப்பு நுனியால் தடவிப் பார்த்தார், அந்த விற்பனைப் பெண் பொறுமையாக எங்களோடு மூன்று தடவை மேலும் கீழுமாக வந்தாள். பால்கனியில் நின்று, அங்கிள், இங்கேர்ந்து பார்த்தா மொத்த ஊரும் தெரியும் என்றாள். கரண்ட் போச்சுன்னா ஊர்தாம்மா எங்களை அண்ணாந்து பார்த்துக்கிட்டு நிக்கும் என்றார் அப்பா. அந்தப் பெண்ணுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. கீழே இறங்கியதும் பஸ் நிறுத்தத்தைத் தாண்டி நேராக நடக்க ஆரம்பித்தார். எங்கே போறீங்க என்றேன். பின்பக்கத் தெருதான், ஒரு எட்டு பார்த்துட்டுப் போவோம் என்றார். எந்தத் தெரு என்று கேட்க வேண்டிய அவசியமே இருக்கவில்லை.

உனக்கு அப்போது மூன்று வயது. அந்தத் தெருவில் கட்டிக்கொண்டிருந்த நாலு மாடிக் கட்டடத்துக்கு லிப்ட் மாட்டும் வேலை அப்பா கம்பெனிக்குத்தான் வந்தது. கட்டுகிறவர் பெரியப்பாவுக்குத் தெரிந்தவர், மூன்றாவது மாடியில் ஒரு வீட்டைக் குறைந்த விலைக்குத் தருவதாகச் சொன்னார். ஒரு ஞாயிற்றுக்கிழமை உன்னைத் தோளில் தூக்கிக்கொண்டு அப்பா என்னை அங்கே கூட்டிப்போனார். தூணும் தரையும் மட்டும்தான் இருந்தது, சுவர் இல்லை, நாலா பக்கமும் காற்று. அப்பா பையிலிருந்து சாக்பீஸை எடுத்துத் தரையில் கோடு போட்டார், இது ஹால், இது சமையல்கட்டு, இது குட்டிக்கு என்று. நீ அந்தக் கோட்டுக்குள் துண்டை விரித்துத் தூங்கியே விட்டாய். அப்பா கோட்டை மிதிக்காமல், வாசல் என்று விட்டிருந்த இடம் வழியாகவே உள்ளே வந்தார், வெளியே போனார். என்னையும் அப்படித்தான் நடக்க வைத்தார். நான் தெரியாமல் ஒரு தடவை குறுக்கே வந்துவிட்டேன், சுவத்துல மோதிக்கப்போறே என்று சத்தம் போட்டார். அவ்வளவு சந்தோஷமாக நான் அவரைப் பார்த்ததில்லை.

அடுத்த வாரம் அவரிடம் சொல்லாமல் நான் ஒரு காரியம் செய்தேன். வேலை நாளில் காலையில் அந்தக் கட்டடத்துக்குப் போய், அங்கிருந்து எங்கள் மூக்குக்கண்ணாடிப் பட்டறைக்குப் பஸ் பிடித்தேன். இரண்டு பஸ், நடுவில் ரயில்வே கேட், அது மூடினால் திறக்கிற வழியைக் காணோம். இரண்டரை மணி நேரம் ஆயிற்று. போக வர ஐந்து மணி நேரம். நான் கிளம்பும்போதும் நீ தூங்கிக்கொண்டிருப்பாய், நான் திரும்பும்போதும் தூங்கிவிட்டிருப்பாய். இல்லையென்றால் வேலையை விட வேண்டும். நம் வீட்டில் எல்லாரும், வேலைதானே, விட்டுட்டா போச்சு என்றுதான் சொல்லியிருப்பார்கள். ஆனால் அந்த மாதம்தான் முதலாளி என்னை லென்ஸ் தேய்க்கிற சக்கரத்தில் உட்கார வைத்திருந்தார். அதுவரை பெண்கள் துடைத்து உறையில் போட்டுத் தருவதோடு சரி. நான் தேய்த்து பிரேமில் பொருத்திய முதல் கண்ணாடியை ஒரு பஸ் டிரைவர் போட்டுக்கொண்டு, எதிர்க்கடைப் பலகையை எழுத்துக் கூட்டிப் படிக்கிற பிள்ளை மாதிரி வாய்விட்டுப் படித்தார். படித்துவிட்டு, யாரு செஞ்சது என்று கேட்டார். முதலாளி என்னைக் காட்டினார். அப்பாவைத் தவிர அதை நான் யாரிடமும் சொன்னதில்லை, பெருமை பீற்றிக்கொள்கிறாள் என்பார்களே என்று. அந்தச் சக்கரத்தை விட்டுவிட்டு வர எனக்கு மனசு வரவில்லையடி.

ஆக, வேண்டாம் என்று சொன்னது நான்தான். அப்பா இல்லை. அன்றைக்கு அவர் மாடிப்படியில் உட்கார்ந்து உன் மூன்று சக்கர வண்டிக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தார். நான் சொன்னதை முழுக்கக் கேட்டார். பஸ்ஸுக்காகவா, வேலைக்காகவா என்று ஒரே ஒரு கேள்வி. ரெண்டுக்கும்தான் என்றேன். சரி, அண்ணன்கிட்ட நான் பேசிக்கிறேன் என்றார். என்ன பேசினார் தெரியுமா, எனக்குப் பயமா இருக்குண்ணே, கடனைக் கட்ட முடியாமப் போச்சுன்னா என்ன பண்றதுன்னு கை காலெல்லாம் உதறுது என்று சொல்லியிருக்கிறார். என் பேச்சையே எடுக்கவில்லை. எடுத்திருந்தால் என் பாடு என்ன ஆகியிருக்கும் என்று அவருக்குத் தெரியும். அன்றிலிருந்து பெரியப்பா, இவன் ஊரையெல்லாம் லிப்டுல மேல ஏத்திவிட்டுட்டு தான் மட்டும் கீழயே நிப்பான் என்று சொல்லிச் சிரிக்க ஆரம்பித்தார், பெரியப்பாவுக்கு இப்போது காது சுத்தமாகக் கேட்பதில்லை, ஆனாலும் போன மாதம் வந்தபோது அதை ஒரு தடவை சொல்லிவிட்டுத்தான் போனார். எல்லாரும் சிரிப்பார்கள், அப்பாவும் சேர்ந்து சிரிப்பார். நான் தண்ணீர் எடுத்து வருகிற சாக்கில் உள்ளே போய்விடுவேன். பத்தொன்பது வயதில் நீ கீழ் வீட்டாரோடு நடந்த அந்தத் தண்ணீர்ச் சண்டையன்று, அப்பாவுக்குக் கொஞ்சமாச்சும் தைரியம் இருந்திருந்தா நமக்குன்னு ஒரு வீடு இருந்திருக்கும் என்று அவர் முகத்துக்கு நேராகவே சொன்னாய். கையிலிருந்த டீயைப் பாதியில் வைத்துவிட்டுச் சட்டையை மாட்டிக்கொண்டு வேலைக்குப் போனார். அன்றாவது நான் வாயைத் திறந்திருக்க வேண்டும். தப்பு என்னுடையது, உன்னுடையது இல்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமைக் கதைக்குத் திரும்ப வருகிறேன். கட்டடம் சாயம் வெளுத்து, பால்கனிகளில் கம்பி போட்டு, வேறு மாதிரி ஆகியிருந்தது. லிப்ட் அதேதான். அப்பா பித்தளைப் பட்டனைக் கட்டைவிரலால் தேய்த்துப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார். மூன்றாவது மாடியில் இறங்கி, நான் தடுப்பதற்குள் அழைப்பு மணியை அடித்துவிட்டார். என் வயதுக்காரி ஒருத்தி திறந்தாள், பூகோள டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவள். என்ன சொல்வாரோ என்று நான் முழித்துக்கொண்டு நிற்க, இந்த லிப்டை மாட்டினவன்மா நான், எப்படி ஓடுதுன்னு கேட்டுட்டுப் போலாம்னு வந்தேன் என்றார். அந்த அம்மாள், நீங்க மாட்டினதா, இத்தனை வருஷத்துல ரெண்டே தடவைதான் என்னை நடக்க விட்டிருக்கு, உள்ள வாங்க என்று கையைப் பிடிக்காத குறையாக அழைத்தாள். அப்பா முகத்தை நீ பார்த்திருக்க வேண்டும்.

ஹால், சமையலறை, உன் அறை. உன் அறை என்றுதான் எனக்கு வருகிறது, என்ன செய்ய. சுவர் முழுக்க உலகப் படங்கள், ஜன்னல் ஓரம் ஒரு கட்டில், அதில் யாரும் படுப்பதில்லை. டீச்சர் டீ போட்டுக் கொடுத்துவிட்டுத் தன் கதையைச் சொன்னாள். கணவர் சின்ன வயதிலேயே காலமாகிவிட்டாராம், விடிவதற்கு முன்னால் முதல் பஸ் பிடித்தால்தான் பள்ளிக்கூடம் போய்ச் சேர முடியுமாம், மகள் கழுத்தில் சாவியைக் கயிற்றில் கோத்து மாட்டிவிட்டுப் போவாளாம். அவ வளர்ந்ததை நான் ஞாயித்துக்கிழமைகள்லதான் பார்த்தேன் என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, ஆனா இந்த வீடு மட்டும் இல்லேன்னா அவளை வெச்சுக்கிட்டு நான் எங்க போயிருப்பேன் என்றும் சொன்னாள். இரண்டும் உண்மையாகத்தான் இருந்தது. நான் செய்தது சரியா தப்பா என்று அங்கே எனக்கு விடை கிடைக்கும் என்று நினைத்தேன், கிடைக்கவில்லை.

பஸ் நிறுத்தத்தில் உட்கார்ந்திருந்தபோது அவரிடம் கேட்டே விட்டேன், உங்களுக்கு இந்த வீட்டு மேல ஆசை போயிடுச்சா என்று. இந்தப் பக்கம் வேலைக்கு வந்தப்ப ரெண்டு தடவை எதிர்ல நின்னு அந்தப் பால்கனியைப் பார்த்திருக்கேன், ஆசை இல்லேன்னு சொன்னா அது பொய் என்றார். எனக்குக் கண் நிறைந்துவிட்டது. அவர் ரோட்டைப் பார்த்துக்கொண்டே, ஆனா நீ சாயங்காலம் கையெல்லாம் வெள்ளை வெளேர்னு கண்ணாடித் தூளோட வருவே பாரு, இன்னிக்கு யாருக்குக் கண்ணாடி போட்டுக் கொடுத்தேன்னு சொல்லிக்கிட்டே கை கழுவுவே, அந்த மூஞ்சியை விட்டுட்டு வீட்டை வெச்சுக்கிட்டு நான் என்ன பண்றது என்றார். பொண்ணுகிட்டயாவது சொல்லியிருக்கலாமே என்றேன். அப்பன் மேல கோவம்னா ஒரு வாரத்துல போயிடும், அம்மா மேல கோவம்னா அவ யார்கிட்டப் போய்ச் சொல்லுவா என்றார். அதற்குள் பஸ் வந்துவிட்டது.

அதனால் கண்ணு, எங்கள் முடிவைச் சொல்கிறேன். வாங்கு. இந்தத் தடவை சரி என்று சொல்கிறவளும் நானாகவே இருந்துவிட்டுப் போகிறேன், எனக்கு இனிமேல் பிடிக்க வேண்டிய பஸ் எதுவும் இல்லை. ஆனால் அப்பா செய்த தப்பைத் திருத்துவதாக நினைத்து வாங்காதே, அப்படி ஒரு தப்பு நடக்கவே இல்லை. பதினொன்றாவது மாடி வேண்டாம், லிப்ட் நின்றால் நடந்து ஏறக்கூடிய உயரத்துக்கு மேல் வீடு வாங்கக் கூடாது என்பது லிப்டோடு நாற்பது வருஷம் குடித்தனம் பண்ணியவர் சொல்வது. அதே கட்டடத்தில் இரண்டாவது மாடியில் கார் நிறுத்துகிற பக்கம் பார்த்த மாதிரி ஒன்று இருக்கிறது, ஊர் தெரியாது, யார் வீட்டுக்கு யார் வருகிறார்கள் என்று தெரியும், எனக்கு அது போதும். பத்திரங்களை நல்ல வக்கீலிடம் காட்டாமல் எதிலும் கையெழுத்துப் போடாதே. குழாயில் தண்ணீர் எப்படி வருகிறது என்று நான் ஒரு நாள் மத்தியானம் போய்த் திறந்து பார்த்துவிட்டு எழுதுகிறேன், விற்கிறவர்கள் காலையில் மட்டும்தான் வீட்டைக் காட்டுகிறார்கள். நம் பச்சை அலமாரி அந்த வாசலில் நுழையாது என்று அப்பா சொல்கிறார், நுழையும் என்று நான் சொல்கிறேன், அதை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்.

நீங்கள் இருவரும் எல்லா நலமும் பெற்று, நினைத்ததெல்லாம் நடந்து, நூறு வயது வாழ வேண்டும் என்று மனசார ஆசீர்வதிக்கிறேன். மாப்பிள்ளைக்கு எங்கள் அன்பைச் சொல். ஒன்றை மட்டும் மறந்துவிடாதே. அடுத்த தடவை போன் பண்ணும்போது மன்னிப்பெல்லாம் கேட்டு அப்பாவைச் சங்கடப்படுத்தாதே, அவருக்குத் தாங்காது. எடுத்ததும் என்னைக் கூப்பிடாமல் அவரைக் கூப்பிட்டு, அப்பா, உங்களுக்கு எந்த ரூம் வேணும் என்று கேள். இத்தனை வருஷத்தில் அந்தக் கேள்வியை அவரிடம் ஒருவரும் கேட்டதில்லை, நானும் கேட்டதில்லை.

என்றும் உன் நினைவாகவே இருக்கும்,
அம்மா