சத்தம் வைக்காமல் பார்த்த காப்பிப் படம்

கோபிசெட்டிபாளையம்
9.2.2025

அன்புள்ள மலருக்கு,

அகிலா அக்கா எழுதுவது. இங்கே நாங்கள் நலம். அங்கே நீயும் வீட்டில் எல்லோரும் நலம்தானே?

என் கையெழுத்தைப் பார்த்ததும் உறையைப் பிரிக்காமல் அலமாரியில் செருகிவிடாதே. போன் போட்டால் எடுக்காமல் விட்டுவிடுவாயோ என்று பயம். தபால்காரர் நீட்டினால் வாங்கித்தானே ஆகவேண்டும்? அதனால்தான் இந்த வயதில் பேனாவைத் தேடி எடுத்தேன்.

விஷயத்துக்கு வருகிறேன். நம் காப்பிப் படம் கிடைத்துவிட்டது!

போன வாரம் என் மகன் அருள் பெரிய டிவி வாங்கி மாட்டினான். "என்ன படம் வேணும், சொல்லும்மா" என்றான். பெயர் தெரிந்தால்தானே சொல்ல? நம் எதிர் குவார்ட்டர்ஸ் வடநாட்டு இன்ஜினியர் மாற்றலாகிப் போகும்போது விட்டுப்போன கேசட் அது, பெயர்ச்சீட்டே கிழிந்துபோயிருந்தது. "மாஃபியா படம்டா, இத்தாலிக்காரங்க. கடைசியில கூட்டத்துத் தலைவன் தன்னந்தனியா ஒரு வீட்டுக்கு வருவான். இவனுக்காகச் செத்துப்போன கூட்டாளியோட சம்சாரம் காப்பி போட்டுக் குடுப்பா" என்றேன். போனில் ரெண்டு தட்டுத் தட்டி "இதாம்மா?" என்று காட்டினான். நம் கோட்டுக்காரரேதான்! மடியில் தொப்பி, எதிரில் கறுப்புக் கவுன்காரி.

அந்த ஒரு காட்சியை வைத்து உலகம் முழுக்க இன்டர்நெட்டில் சண்டை போடுகிறார்கள் மலர். அருள் ஒவ்வொன்றாகத் தமிழில் சொன்னான். காப்பியில் விஷம் வைத்துவிட்டாள் என்கிறான் ஒருவன். வைக்கவில்லை, வைத்திருப்பாளோ என்று அவர் பயப்பட வேண்டும், அதுதான் அவள் கொடுக்கிற தண்டனை என்று பிரேசிலிலிருந்து ஒரு பெண். டவுன்ஷிப் இருபத்தோராம் பிளாக்கில் உட்கார்ந்து நாம் என்றைக்கோ பேசி முடித்ததை இவர்கள் இப்போதுதான் பேச ஆரம்பித்திருக்கிறார்கள்.

ஆனால் நம்மைப் போல யாரும் பார்த்திருக்க மாட்டார்கள். சுரங்கத்தில் நைட் ஷிப்ட் முடித்துவிட்டு வந்து ஒரு வாரம் உன் வீட்டுக்காரர் தூக்கம், ஒரு வாரம் என் வீட்டுக்காரர் தூக்கம். நடுவில் ஒரே சுவர். டிவி சத்தத்தை அடியோடு குறைத்துவிட்டு ஊமைப் படமாகத்தானே அத்தனை தடவையும் பார்த்தோம்? வசனமெல்லாம் நம் கைச்சரக்கு. காப்பியை வைத்துவிட்டு அவள் குனிந்து என்னவோ சொல்வாள். அவர் நிமிர்ந்து பார்ப்பார். ஒரே மூச்சில் குடிப்பார். "குடிச்சிட்டு அப்பறம் பேசுங்க" என்று சொல்கிறாள் என்பது உன் கட்சி. "பயமா இருக்குதுங்களா?" என்பது என் கட்சி. அலமாரியில் கோப்பைகள் கிடுகிடுவென்று ஆடுவதைப் பார்த்து, "அந்த ஊர்லயும் மைன்ஸ் இருக்குது, வெடி வைக்கிறாங்க" என்றாயே! நானும் நம்பினேன். நம் வீட்டுப் பாத்திரங்களும் மத்தியானத்தில் அப்படித்தானே ஆடின?

இந்த டிவியில் சத்தமும் உண்டு, கீழே தமிழ் எழுத்தும் ஓடுகிறதாம். அவள் சொன்னது ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும். நான்தான் போட வேண்டாம் என்று தடுத்துவிட்டேன். நீ பக்கத்தில் இல்லாமல் அதைக் கேட்க மனசு வரவில்லை. பார்க்கட்டுமா, வேண்டாமா? நீ சொல்.

உன் மகள் சண்முகப்ரியாவுக்கு வைகாசியில் கல்யாணம் என்று நம் பிளாக் வாட்ஸ்அப் குரூப்பில் பார்த்தேன். கைக்குழந்தையில் என் மடியில் படுத்துக்கொண்டு இந்தப் படம் பார்த்தவள். என் தங்கத்துக்கு என் ஆசி.

மறக்காத,
அகிலா அக்கா

---

வடக்குத்து
17.2.2025

அகிலா அக்காவுக்கு,

மலர்விழி எழுதுவது. உறையைப் பிரித்தேன். இரண்டாவது வரியிலேயே மடித்து வைத்துவிட்டேன்.

வீட்டில் எல்லோரும் நலமா என்று கேட்டிருக்கிறீர்கள். எல்லோரும் என்றால் யார் அக்கா? அவர் போட்டோவில் இருக்கிறார். மாலை போட்டு, மேலே சின்ன பல்பு மாட்டியிருக்கிறோம். நலமாகத்தான் இருப்பார்.

சாயங்காலம் மறுபடி எடுத்தேன். காப்பிப் படம் என்ற வார்த்தை கண்ணில் பட்ட பிறகு எப்படிப் படிக்காமல் இருப்பது? அந்த விஷயத்தில் எனக்கு மானம் ரோஷம் கிடையாது.

இப்போதெல்லாம் அந்தக் காட்சியை நினைத்தால் எனக்கு விஷம் ஞாபகத்துக்கு வருவதில்லை. கோட்டுக்காரர் வந்து உட்கார்ந்ததும் அவள் மேசையைத் துடைப்பாள் இல்லையா? ஏற்கெனவே சுத்தமாக இருக்கிற மேசை. "இவளுக்குக் கிறுக்கு" என்று அன்றைக்குச் சிரித்தோம். இவர் போன பிறகு, துக்கம் கேட்க ஒவ்வொருவரும் வந்து உட்காரும்போது நானும் அப்படித்தான் நாற்காலியைத் துடைத்துக்கொண்டிருந்தேன். கைக்கு ஏதாவது வேலை வேண்டியிருந்தது. அந்தப் படம் எடுத்த ஆள் எந்த வீட்டில் நின்று இதைப் பார்த்தானோ, கும்பிட வேண்டும் அவனை.

ஒரு நாள் நம் குசுகுசுப்பில் இவர் எழுந்து லுங்கியோடு வந்து நின்றாரே, ஞாபகம் இருக்கிறதா? அந்தக் காட்சி முடிகிறவரை பார்த்துவிட்டு, "அந்தம்மா காப்பியில சக்கரை போடல. அதான் அந்தாளு மூஞ்சி அப்பிடிப் போவுது. இதுக்குப் போயி ரெண்டு பேரும் மண்டைய ஒடச்சிக்கினு இருக்கீங்க" என்று சொல்லிவிட்டுத் திரும்பப் போய்ப் படுத்துக்கொண்டார். நீங்கள் சிரித்த சிரிப்பில் பிள்ளை விழித்துக்கொண்டாள்.

அந்த மனுஷன் போனதற்கு நீங்கள் வரவில்லை அக்கா.

வாசலில் கார் நின்றால் நீங்களோ என்று எட்டிப் பார்த்தேன். காரியம் முடிகிறவரை பார்த்தேன். நாத்தனார் விருத்தாம்பாள் கேட்டே விட்டார்: "ஒரே செவுத்துக்கு இந்தாண்ட அந்தாண்ட இருந்தவங்களாச்சே, எங்க ஒன் அகிலா அக்கா? வாசலையே பாத்துக்கினு இருக்கிற." வந்துகொண்டிருக்கிறார்கள் என்று சொன்னேன். கோட்டுக்காரர் சாவுக்கு வரவில்லை, ஆனால் நாள் கழித்தாவது வந்தார். நீங்கள் அதுவும் இல்லை.

கல்யாணப் பத்திரிகையில் உங்கள் பெயரும் அண்ணன் பெயரும் எழுதி வைத்திருக்கிறேன். அனுப்பவில்லை. துக்கம் கேட்காதவர்கள் நல்லதுக்கு வந்து நிற்கக் கூடாது, பெண்ணுக்கு ஆகாது என்று விருத்தாம்பாள் ஒற்றைக்காலில் நிற்கிறார். அவரைச் சொல்லி என்ன? எனக்கே அனுப்பக் கை வரவில்லை. உங்கள் தங்கம், "அகிலாம்மா வருவாங்களா?" என்று ஒரு தடவை கேட்டாள். பிறகு கேட்கவில்லை.

படத்தைப் பாருங்கள். சத்தம் வைத்தே பாருங்கள். இப்போது தூங்குவதற்கு இங்கே யாரும் இல்லை. அவள் என்ன சொன்னாள் என்று எழுதுங்கள்.

இப்படிக்கு,
மலர்விழி சுதாகர்

---

கோபிசெட்டிபாளையம்
2.3.2025

அன்புள்ள மலர்,

உன் கடிதத்தை என் வீட்டுக்காரர், உங்கள் அண்ணன்தான் படித்துக் காட்டினார். என்னால் முடியவில்லை. நடுவில் அவரும் நிறுத்திவிட்டு மூக்குக் கண்ணாடியைத் துடைத்தார்.

'எல்லோரும்' என்று எழுதினேனே, அதில் சுதாகர் தம்பி பெயரை எழுதப் பார்த்து, வராமல்தான் அப்படி எழுதினேன். எழுதினால் அவர் இல்லை என்று நானே சொன்ன மாதிரி ஆகிவிடும்.

நீ கேட்காவிட்டாலும் சொல்கிறேன். அந்த வாரம் மருமகளுக்கு வளைகாப்பு. வளையல் அடுக்கின வீட்டிலிருந்து சாவு வீட்டுக்குப் போனால் வயிற்றுப் பிள்ளைக்கு ஆகாது என்று சம்பந்தியம்மா சொன்னார். நான் வாயை மூடிக்கொண்டேன். குழந்தை பிறந்ததும் வரலாம் என்றிருந்தேன். அதற்குள் நாள் ஓடிப்போய், எந்த முகத்தை வைத்துக்கொண்டு வருவது என்று ஆகிவிட்டது. இவ்வளவுதான் காரணம். எழுதிப் பார்த்தால் எனக்கே அற்பமாக இருக்கிறது.

இனி படம்.

நேற்று மத்தியானம் அருளை அனுப்பிவிட்டு நானும் உங்கள் அண்ணனும் உட்கார்ந்தோம். மலர், என்ன படம் அது! நாம் குட்டி டிவியில் பார்த்ததில் பாதி தெரியவே இல்லை. காப்பியில் ஆவி பறக்கிறது. அவர் யோசிக்க யோசிக்க ஆவி மெலிந்துகொண்டே போகிறது. கடைசியில் இல்லை. எவ்வளவு நேரம் ஆயிற்று என்று படம் எடுத்தவன் வாய்விட்டுச் சொல்லாமலே சொல்லிவிடுகிறான். கோட்டுக்காரரின் விரல் தொப்பி விளிம்பைச் சுற்றிச் சுற்றி வருகிறது. எத்தனை பேரைத் தீர்த்துக்கட்டிய கை அது! ஒரு பெண்பிள்ளை முன்னால் பள்ளிக்கூடத்துப் பையன் கை மாதிரி ஆகிவிட்டது. எனக்கு அவரைப் பார்க்கவே முடியவில்லை. என்னைப் பார்க்கிற மாதிரி இருந்தது.

அப்புறம் ஒன்று. நான்கு தடவை நிறுத்தி நிறுத்திப் பார்த்துவிட்டுத்தான் எழுதுகிறேன். அடுப்புப் பக்கம் ஒரு சர்க்கரைக் கிண்ணம் இருக்கிறது, மூடி போட்டு. அவள் காப்பியைக் கலக்குகிறாள், கோப்பையை எடுக்கிறாள், திரும்புகிறாள். மூடி திறக்கவே இல்லை! சர்க்கரை போடவில்லை மலர். உலகத்தில் இத்தனை பேர் விஷத்தைத் தேடிக்கொண்டிருக்கிறார்கள். தூக்கக் கண்ணோடு ஒரே ஒரு தடவை பார்த்த சுதாகர் தம்பிதான் சரியாகச் சொல்லியிருக்கிறார். அவருக்குச் சொல்ல வேண்டும் என்று எழுந்தே விட்டேன். அப்போதுதான் எனக்கு அழுகை வந்தது. இவ்வளவு நாள் வராத அழுகை. உங்கள் அண்ணன் டிவியை நிறுத்திவிட்டு என் பக்கத்தில் உட்கார்ந்தார்.

நீ கேட்டதைச் சொல்ல வேண்டும். காப்பியை வைத்துவிட்டு அவள் குனிகிறாள். வாய் அசைகிறது. அதே நேரம் ஜன்னலுக்கு வெளியே ரயில் போகிறது! அலமாரிக் கோப்பைகள் ஆடியது அந்த ரயிலால்தான், உன் மைன்ஸ் வெடியால் இல்லை. தடதடவென்று சத்தம். அவள் சொன்னது அதில் அப்படியே போய்விட்டது. கீழே எழுத்தும் வரவில்லை. வேண்டுமென்றே மறைத்திருக்கிறான். யாருக்குமே கேட்டதில்லையாம், அதனால்தான் இத்தனை சண்டையாம். சத்தம் குறைத்து வைத்ததால் நமக்கு மட்டும்தான் போயிற்று என்று இத்தனை வருஷமாக நினைத்துக்கொண்டிருந்தோமே!

குடித்து முடித்ததும் கோட்டுக்காரர் ஒரு வார்த்தை பேசாமல் தொப்பியை எடுத்துக்கொண்டு இறங்கிப் போகிறார், படம் முடிகிறது. துக்க வீட்டிலிருந்து சொல்லிக்கொள்ளாமல் போகிற வழக்கம் அந்த ஊரிலும் இருக்கிறது பார்.

மலர், என்னைத் துக்கம் கேட்க வரவிடு. நாள் தப்பிவிட்டது என்று விருத்தாம்பாள் அண்ணி வாசலில் நிறுத்தினாலும் நின்றுவிட்டுப் போகிறேன். ப்ரியா கழுத்தில் தாலி ஏறுவதை நான் பார்க்க வேண்டும். அதைப் பார்க்காமல் இருக்க என்னால் முடியாது.

உன் பதிலுக்காக வாசலைப் பார்த்துக்கொண்டிருக்கும்,
அகிலா அக்கா

---

வடக்குத்து
10.3.2025

அன்புள்ள அக்காவுக்கு,

சர்க்கரைக் கிண்ணம் பற்றி நீங்கள் எழுதியதை அவர் போட்டோ முன்னால் நின்று சத்தமாகப் படித்தேன். "பாத்தியா, நான் அப்பவே சொன்னேன்" என்று அவர் சொல்லியிருப்பார், அதையே ஒரு மாதம் சொல்லிக்கொண்டு திரிந்திருப்பார். முதலில் சிரிப்பு வந்தது, அப்புறம் அழுதேன். எத்தனையோ பேர் வந்து துக்கம் கேட்டார்கள். நல்ல மனுஷன், யாருக்கும் கெடுதல் நினைக்காதவர் என்று எல்லோரும் ஒரே மாதிரிதான் சொன்னார்கள். அவர் சொன்ன ஒரு பேச்சை ஞாபகம் வைத்து, அதை நான்கு தடவை சோதித்துப் பார்த்தவர் நீங்கள் ஒருவர்தான். என் கோபத்தில் பாதி அங்கேயே போய்விட்டது. மீதியை நீங்கள் வரும்போது கொடுக்கிறேன்.

ரயிலா அது! மைன்ஸ் வெடி என்று சத்தியம் செய்தேனே! இங்கே வளர்ந்தவளுக்குப் பாத்திரம் ஆடினால் வேறு என்ன தோன்றும், சொல்லுங்கள்.

ஆனால் அவள் என்ன சொன்னாள் என்பது எனக்குத் தெரியும். ரயில் போனாலும் தெரியும். நம் இரண்டு பேர் கட்சியும் தப்பு அக்கா. அன்றைக்கு நமக்கு என்ன தெரியும், புருஷன்மார் பக்கத்து அறையில் குறட்டை விட்டுக்கொண்டிருந்தார்கள். நேற்று விளக்கேற்றிவிட்டு அவள் மாதிரியே குனிந்து சொல்லிப் பார்த்தேன். வாய் அசைவு பொருந்துகிறதா என்று நீங்கள் பார்த்துச் சொல்லுங்கள்.

"வர்றதுக்கு இத்தினி நாளாச்சிங்களா?"

இதைத்தான் கேட்டிருப்பாள். இதைக் கேட்ட பிறகு அந்தக் காப்பியில் என்ன இருந்தால் என்ன, குடிக்காமல் ஒரு ஆள் எப்படி எழுந்து போவான்?

விருத்தாம்பாளிடம் பேசிவிட்டேன். கொஞ்ச நேரம் முறைத்துவிட்டு, "வரட்டும். வந்து அழுதுட்டு, பத்திரிகையக் கையில வாங்கிக்கினு போவட்டும்" என்றார். அதனால் வாருங்கள். அண்ணனையும் கூட்டி வாருங்கள். செவ்வாயும் வெள்ளியும் வேண்டாம். ஆர்ச் கேட் பஸ் ஸ்டாப்பில் இறங்கி ஒரு போன் போடுங்கள், எடுக்கிறேன். ப்ரியா வண்டியில் வந்து கூட்டிக்கொள்வாள்.

காப்பிக்குச் சர்க்கரை உங்கள் கண் முன்னால்தான் போடுவேன்.

ஒன்றே ஒன்று. துக்க வீட்டிலிருந்து சொல்லிக்கொள்ளாமல் போக வேண்டும் என்பது எனக்கும் தெரிந்ததுதான். இங்கே வந்த அத்தனை பேரும் அப்படித்தான் பேசாமல் எழுந்து போனார்கள். ஒவ்வொரு தடவையும் வீடு காலியாகிக்கொண்டே போன மாதிரி இருந்தது. நீங்கள் அப்படிப் போகாதீர்கள். யார் முகம் சுளித்தாலும் பரவாயில்லை, வாசலில் நின்று, "போயிட்டு வர்றேன் மலர்" என்று சொல்லிவிட்டுத்தான் போக வேண்டும். சத்தமாகவே சொல்லுங்கள்.

உங்கள்,
மலர்