கயிற்றைப் பிடிக்காத கைகள்

அன்பான சலீம் நானாவுக்கு,

"என்ன டீச்சர், ஒருத்தரும் கை தட்டல்லயே. நாங்க தோத்துப் போனமா?"

மாம்புரிக் கடற்கரையில் நம் முதல் வீதி நாடகம் முடிந்ததும், உடுப்பெல்லாம் மணலோடு நின்று கேட்டீங்க. நான் சிரித்தேன். பதில் சொன்னதாக நினைவில்லை.

அந்த நாடகத்தில் நீங்க கடற்கரைப் பாதையை அடைக்கிற முதலாளி. கம்பு நட்டு, கரைவலைக் கயிற்றைச் சனத்துக்கு நடுவால் இழுத்துக் கட்டினீங்க. முன்னால் இருந்ததெல்லாம் கரையில் நின்று வலை இழுக்கிற கரைவலைக்காரர். வலைக்கயிறு பக்கத்தால் போனால் அவர்கள் கை சும்மா இருக்குமா? வழியால் போகிறவரும் கூட இழுத்துவிட்டு, கறிக்கு நாலு மீன் வாங்கிப் போகிற ஊர். "பிடிங்கடா!" என்று ஒருவர் எழும்ப, எல்லோரும் இழுத்தார்கள். கம்பும் நீங்களும் மணலில். நாம் எழுதாத முடிவு அது.

மறுநாள் அதே ஆட்கள் ஒன்றாகப் பிரதேச செயலகத்துக்குப் போனார்கள். பாதை திறந்தது. அதற்குப் பிறகு கயிறு இல்லாமல் அந்த நாடகத்தை நாம் எங்கேயும் போடவில்லை.

இப்போது அதே பாதையை மறுபடி அடைத்திருக்கிறார்கள், நானா. ஹோட்டல் வரப்போகிறதாம். தோணிக்காரர் எஞ்சினைத் தோளில் சுமந்துகொண்டு சுற்றி நடக்கிறார்கள். போன கிழமை உங்கள் மகள் நஸ்ரின், நீங்க மவுத்தானபோது விட்டுப்போன பழைய கோட்டைப் போட்டு முதலாளியாக நின்றாள். முதலாளி சொல்வதற்கெல்லாம் தலையாட்டுகிற பிரதேச சபை மெம்பர் ஒருவரும் நாடகத்தில் உண்டு. உண்மையான மெம்பர் முன்வரிசைக் கதிரையில் இருந்தார்.

அவர்தான் எல்லோரையும் விடக் கூடச் சிரித்தார். "என்னயே அப்படியே காட்டுறாங்க, பாருங்க!" பிறகு கயிறு வந்தது. சனத்தின் கைகளில் போன். ஒருவரும் பிடிக்கவில்லை. மெம்பர் எழும்பிக் கயிற்றைப் பிடித்து, "எடுங்க, எடுங்க, வீடியோ எடுங்க!" என்று இழுத்தார். கம்பு விழுந்தது.

"மெம்பர், நடிப்பில நஸ்ரின் தோத்துட்டா!" என்று பின்னாலிருந்து ஒரு குரல். கைதட்டல் ஓயவே இல்லை. மறுநாள் காலையில் போய்ப் பார்த்தேன். உண்மையான வேலி அப்படியே நின்றது.

ஒவ்வொரு நாளும் போனில் பெரிய ஆட்களின் நாடகத்தைப் பார்த்துப் பார்த்துச் சலித்த சனம், நானா. அவர்களை எப்படிக் குறை சொல்வது? எனக்கே களைப்பாகத்தான் இருக்கிறது.

நஸ்ரின் கயிற்றைச் சுருட்டிக்கொண்டு சொன்னாள்: "இனி போடல்ல டீச்சர். ஏச்சு வாங்கினவரே கை தட்டிட்டுப் போறாரு. வாப்பா இருந்தா என்ன செஞ்சிருப்பாங்க?"

எனக்கு வகுப்பறை உதாரணம்தான் வாயில் வந்தது. "நான் பலகையில் கணக்குச் செய்தால் எல்லாப் பிள்ளையும் தலையாட்டும். சோக்கட்டியைக் கையில் கொடுத்தால்தான் யாருக்கு விளங்கியதென்று தெரியும். ஒரு பிள்ளை எழும்பி வந்தால் மற்றதுகள் பின்னால் வரும்."

"அந்த ஒரு பிள்ளை யாரு டீச்சர்?" என்று கேட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை குறிஞ்சிப்பிட்டி ஊரில் போடச் சொல்லியிருக்கிறேன். அரைமனதோடு ஓம் என்றாள். கயிறு போகிற இடத்தில் கதிரை போட்டு நான் இருப்பேன், நானா. மெம்பர் வந்தாலும் அவருக்கு முன்னால் என் கை கயிற்றில் இருக்கும். மறுநாள் பிரதேச செயலகத்து வாசலிலும் நிற்பேன், தனியாக என்றாலும்.

உங்கள் கேள்விக்கு இப்போதுதான் பதில் வருகிறது. அன்றைக்கு நாம் தோற்கவில்லை. கயிற்றைப் பிடித்திருந்த கையால் எப்படித் தட்டுவது?

இந்தக் கடிதத்தைப் பேப்பரில் வாசிக்கிற மற்றவர்களுக்கும் ஒரு வார்த்தை: அடுத்த முறை வீதி நாடகம் பார்க்கப் போகும்போது போனை வீட்டில் வைத்துவிட்டுப் போங்கள்.

உங்கள் தங்கச்சி,
ராஜி டீச்சர்