கடல் நன்றாகத் தெரிகிறது

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் வாண்டுப் பயலும் நோய்நொடி இல்லாமல் இருக்கிறீர்கள் என்று போனிலேயே கேட்டுக்கொண்டேன், அந்தமட்டில் நிம்மதி. இங்கேயும் அப்படித்தான் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன், பேனா நகரவில்லை. போன் இருக்கும்போது இவளுக்கு எதற்குக் கடிதம் என்று நினைப்பாய். போன் இருக்கிறது, பேசத்தான் வழியில்லை. உன் குரல் கேட்டதும் அப்பா ஸ்பீக்கரைப் போட்டுவிட்டு என் தோளை இடித்துக்கொண்டு உட்கார்ந்துவிடுகிறார், நான் என்ன உளறப்போகிறேனோ என்று கண்கொத்திப் பாம்பாய்ப் பார்க்கிறார். இப்போது அவர் ஜன்னல் கண்ணாடிக் கடைக்குப் போயிருக்கிறார், வருவதற்குள் எழுதி முடித்துத் தபாலில் போட்டுவிட வேண்டும். எழுத்து கோணல்மாணலாக இருந்தால் மன்னித்துக்கொள்.

வீடு இப்போது எந்த நிலையில் இருக்கிறது என்று உனக்குத் தெரியாது, அப்பா போனைத் திருப்பிக் காட்டுகிற கடல் மட்டும்தான் தெரியும். போன வாரம் நீ, அய்யோ கடல் எவ்ளோ கிட்ட தெரியுது, பெரிய ஹோட்டல்ல ரூம் போட்ட மாதிரி இருக்குப்பா என்று சொன்னாய். அதைக் கேட்டு உன் அப்பாவுக்குத் தரையில் கால் பாவவில்லை, பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிச் சொல்லி மாய்ந்துபோனார். கொஞ்சம் யோசித்துப் பார் கண்ணு, நீ இங்கே இருந்தபோது நம் ஜன்னலில் கடலா தெரிந்தது? தையல்காரர் வீட்டு மொட்டை மாடியும் டீச்சரம்மா வீட்டுத் தண்ணீர்த் தொட்டியும்தானே தெரியும், இரண்டுக்கும் நடுவில் ரிப்பன் அகலத்துக்கு ஒரு துண்டு நீலம். வீட்டை இடிச்சிட்டு வேற இடம் போயிட்டாங்கம்மா என்று அப்பா உன்னிடம் சொன்னார், நானும் பக்கத்தில் உட்கார்ந்து தலையாட்டினேன். இடித்தது அவர்கள் இல்லை, கடல். இரண்டு வருஷத்துக்கு முந்தின குளிரில் தையல்காரர் வீட்டுப் பின்சுவர் அப்படியே தண்ணீரில் போய்ப் படுத்தது, அந்த மனுஷன் தையல் மிஷினைத் தலையில் தூக்கிக்கொண்டு ஓடி வந்தார். சொல்ல வெட்கமாக இருக்கிறது, சமையலறையிலிருந்தே கடல் தெரிகிறதே என்று எனக்கு அப்போது நன்றாகத்தான் இருந்தது, டீ டம்ளரோடு நின்று வேடிக்கை பார்த்தேன். அடுத்த குளிரில் டீச்சரம்மா வீடு போயிற்று. இந்தக் குளிரில் தெருவே பாதி போய்விட்டது, தார் ரோடு கடித்த ரொட்டி மாதிரி நிற்கிறது, விளக்குக் கம்பம் கம்பியைப் பிடித்துக்கொண்டு தொங்குகிறது. இப்போது முதல் வீடு நாம்தான்.

கடலைப் பார்ப்பதே எனக்கு ஒரு வேலையாகிவிட்டது. காலையில் துணி அலசிய தண்ணீர் நிறத்தில் கிடக்கும், மத்தியானம் தகரம் போலக் கண்ணைக் கூச வைக்கும், சாயங்காலத்துக்கு முன்பே கறுத்துவிடும், கறுத்த பிறகு சத்தத்தை வைத்துத்தான் எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று சொல்ல முடியும். அலை அடிக்கும்போது பாத்திரங்கள் ஒன்றோடொன்று உரசிக்கொள்கின்றன. உன் அப்பாவிடம் கேட்டால், வெயில் வரட்டும்டி, மணல் தானா திரும்பி வந்துரும் என்கிறார். வருகிறது, இல்லை என்று சொல்லவில்லை, ஆனால் போனதில் பாதிகூட வருவதில்லை. நகராட்சி ஆள் வந்து நம் சுவரில் சிவப்புப் பெயின்டில் பெருக்கல் குறி போட்டுவிட்டு, இனிமே இங்க இருக்கக் கூடாதும்மா, எப்ப வேணா இறங்கிடும் என்று சொல்லிவிட்டுப் போனார். அவர் வண்டி தெருமுனை திரும்பவில்லை, உன் அப்பா சுரண்டுகிற தகட்டை எடுத்து அதைச் சுத்தமாகச் சுரண்டிவிட்டு மேலே சுண்ணாம்பும் அடித்துவிட்டார். சுவத்தை அசிங்கம் பண்ணிட்டான் என்று ஒரு முணுமுணுப்பு வேறு.

இதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொள்வேன், அந்தப் பெரிய ஜன்னல் கண்ணாடிதான் என்னைத் தூங்கவிடுவதில்லை. குளிர் தொடங்கியதும் அது மூலையிலிருந்து குறுக்கே விரிசல் விட்டது. அப்பா மாற்றினார். சில நாளில் அதே மூலை, அதே கோடு. மறுபடியும் மாற்றினார். முந்தாநாள் சாப்பிட்டுவிட்டு உட்கார்ந்திருந்தோம், டிக் என்று ஒரு சத்தம், பார்த்தால் திரும்பவும். உன் அப்பா சிரித்துக்கொண்டே, கடைக்காரன் மட்டமான சரக்கைத் தலையில கட்டிட்டான் என்றார். வாழ்நாளெல்லாம் ஊருக்குக் கண்ணாடி போட்டவர், வாடிக்கைக்காரர்கள் இதே புகாரோடு வந்தால் எப்படி எகிறுவார் என்று உனக்கே தெரியும். கண்ணாடி தானா விரியாதுய்யா, சட்டம் கோணிச்சுன்னாதான் விரியும், போய் வீட்டைப் பாருங்க என்று துரத்துவார். அதையே நான் அவரிடம் சொன்னேன். வாசலுக்குப் போய்ச் செருப்பைத் தேடிக்கொண்டு நின்றார், செருப்பு அவர் காலில்தான் இருந்தது. மட்டம் பார்க்கிற ரசமட்டம் எப்போதும் அவர் பையில் இருக்குமே, அதையும் காணோம் என்று தேடினால் பரணில் பழைய போர்வைக்கு அடியில் கிடக்கிறது. எடுத்து ஜன்னல் கட்டையில் வைத்துப் பார்த்தேன். உள்ளே இருக்கிற குமிழி நடுவில் நிற்காமல் ஒரு ஓரமாக ஓடிவிட்டது. வீடு கடல் பக்கம் சாய்கிறது கண்ணு. அது அவருக்குத் தெரியும். தெரியாதவருக்கு எடுத்துச் சொல்லலாம், தெரிந்தே ஒளித்து வைக்கிறவரிடம் நான் எங்கே போய் முட்டிக்கொள்வேன்? இப்போதும் புதுக் கண்ணாடிக்கு அளவு கொடுக்கத்தான் போயிருக்கிறார்.

அதைவிடப் பெரிய கூத்து ஒன்று செய்திருக்கிறார். லீவுக்கு நீங்கள் வருகிறீர்கள் என்று சொன்னாய் அல்லவா, வாண்டு நின்றால் கடல் தெரிய வேண்டும் என்று உன் அறைச் சுவரில் அவன் உயரத்துக்கு ஒரு சின்ன ஜன்னல் வெட்டியிருக்கிறார். நீகூடப் போனில் பார்த்துவிட்டு, தாத்தா ஜன்னல் என்று சொல்லி விழுந்து விழுந்து சிரித்தாய். பக்கத்துத் தெருக் கொத்தனார் வந்து பார்த்துவிட்டு, அண்ணே, நிக்கிறதே பெருசு, இருக்கிற சுவத்தையும் வெட்டிட்டீங்களே என்று தலையில் கை வைத்துக்கொண்டார். உன் அப்பாவுக்கு மூக்குக்கு மேல் கோபம், கண்ணாடி போடறதைப் பத்தி எனக்கு நீ சொல்றியா என்று அவரை விரட்டிவிட்டார். அந்த ஜன்னலுக்கு மேலே இப்போது ஒரு விரிசல் ஓடுகிறது, என் சுண்டுவிரல் உள்ளே போகிறது. அதற்கு நேர் கீழேதான் பேரனுக்குக் கட்டில் போட்டு, புது விரிப்பும் விரித்து வைத்திருக்கிறார்.

உன் மாமா வீட்டு மாடி காலியாகத்தான் இருக்கிறது. அக்கா, மாமாவைக் கூட்டிக்கிட்டு இப்பவே வந்துருங்க என்று தினமும் சொல்கிறான். மச்சான் வீட்டு மாடியில போய் சட்டி பானை கவிழ்க்கச் சொல்றியா என்பார் உன் அப்பா. வீம்பு மட்டும் என்றால் நான் அழுது ஆர்ப்பாட்டம் பண்ணியாவது இழுத்துக்கொண்டு போயிருப்பேன். விஷயம் அது இல்லை. நீ கிளம்பிய அன்றைக்கு, எங்க சுத்தினாலும் கடைசியில இந்த ரூமுக்குத்தான்ப்பா வருவேன், யாருக்கும் குடுத்துராதீங்க என்று சொன்னாயாம். நான் கெஞ்சும்போதெல்லாம் அதைத்தான் எடுத்துப் போடுகிறார். அவ வந்தா எங்கடி நிப்பா என்கிறார். இதற்கு நான் என்ன சொல்ல முடியும்? இந்த வீட்டை உனக்காகக் காவல் காக்கிறாராம், கடலிடமிருந்து.

அதனால் நான் கேட்கிறதை நீ செய்ய வேண்டும். லீவுக்கு இங்கே வராதே. வராமல் இருந்தால் மட்டும் போதாது, அந்த அறை எனக்கு வேண்டாம், அந்த வீடும் வேண்டாம், வந்தாலும் மாமா வீட்டில்தான் இறங்குவேன் என்று உன் வாயால் அவரிடம் சொல். பொய்தான், எனக்குத் தெரியாதா. சொல்லும்போது அழுதுவிடாதே, நீ அழுதால் என் பிள்ளைக்கு ஆசை என்று இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொள்வார். நக்கலாகச் சொல், அலுப்பாகச் சொல், அந்த உப்புக்காத்து எனக்கு ஒத்துக்காதுப்பா என்று சொல், எதையாவது சொல். அவர் முகம் எப்படிப் போகும் என்று எனக்குத் தெரியும். சாப்பிட மாட்டார், உன் பேரைக்கூடக் கொஞ்ச நாள் எடுக்க மாட்டார். போகட்டும். நொந்துபோவதற்காவது ஆள் இருக்க வேண்டாமா? நான் எழுதினேன் என்று மூச்சு விடாதே. வழக்கமாகப் பேசுகிற ஞாயிற்றுக்கிழமை வரட்டும் என்று காத்திருக்கவும் செய்யாதே, இதைப் படித்த கையோடு போனை எடு.

வாண்டுவுக்கு என் முத்தங்கள், மாப்பிள்ளையை வேலை வேலை என்று உடம்பைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம் என்று சொல், நீயும் காலையில் வெறும் வயிற்றோடு ஓடாதே. எல்லாரும் நூறு வயசு நன்றாக இருங்கள். ஒன்றை மட்டும் மனசில் வைத்துக்கொண்டு அப்பாவிடம் பேசு. நேற்று உன் மாமா, நீயாவது ஏறுக்கா என்று வண்டியைக் கொண்டுவந்து வாசலில் நிறுத்தினான். பெட்டியை எடுத்து வைத்துவிட்டு, பிறகு நானே அதைத் திரும்ப உள்ளே தூக்கி வந்துவிட்டேன். அவரை விட்டுவிட்டு நான் எங்கேயும் போகப்போவதில்லை.

உன் அம்மா