அறுநூறு கிலோமீட்டரில் ஒரு தூக்கம்

அன்புள்ள உங்களுக்கு,

மாமா நலம். வீடும் நலம். என்னைப் பற்றிச் சொல்லத்தான் இந்தக் கடிதம் என்பதால் அதை முதல் வரியிலேயே முடித்துவிட மனமில்லை.

போனில் சொல்லியிருக்கலாமே என்பீர்கள். மகன் குரலைத் தானும் கேட்க வேண்டும் என்று மாமா ஸ்பீக்கரில் போடச் சொல்கிறார். போட்டபின் மருந்து, தண்ணீர் மோட்டார், அங்கே அடிக்கும் வெயில், இவ்வளவுதான் நாம் பேசுகிறோம். வைத்த பிறகுதான் எதையும் பேசவில்லை என்று எனக்குத் தெரிகிறது.

மோட்டாரைச் சரி செய்தார்கள். முன்பு ஓடாமல் இருந்தது. இப்போது ஓடுகிறது, கூடவே சத்தம் போட்டுத் தெருவையே கூப்பிடுகிறது. வாதத்தில் விழுந்த மாமாவின் இடது பக்கம் அப்படியேதான். விரல்களில் அசைவு தெரிகிறது என்கிறாள் பயிற்சி கொடுக்க வருகிற பெண். எனக்குத் தெரியவில்லை. ஆய்வகத்தில் தண்ணீரைச் சோதித்தே வயதாகிவிட்டதால் கண்ணில் படாததை நம்புவதில்லையோ என்னவோ. அவர் வாய்க்கு மட்டும் எந்தக் குறையும் இல்லை. போன வாரம் அந்தப் பெண்ணிடம், "என் மருமக சைக்கிள்ல ஊர் ஊரா சுத்துறாம்மா. ஆனா ஒவ்வொரு தடவையும் கிளம்பின எடத்துக்கே வந்து நிக்கிறா. பாவம், வழி தெரியாது போல" என்றார். அவள் சிரித்த சிரிப்பில் அன்றைய பயிற்சியே கெட்டது.

உங்கள் தங்கை உங்களிடம் பேசியது எனக்குத் தெரியும். நான் சைக்கிளில் போகிற நாட்களில் மாமாவைப் பார்த்துக்கொள்ள அவள்தான் வருகிறாள்; குறை சொல்ல அவளுக்கு உரிமை இருக்கிறது. "ஐம்பதைத் தொடப்போற, இன்னும் என்ன அண்ணி இந்தக் கூத்து? டிவியில வரப்போறியா?" என்று என்னிடமே கேட்டாள். வரமாட்டேன் என்று உறுதி கொடுத்தேன். அதன் பிறகுதான் நீங்கள், ரொம்பச் சோர்ந்து தெரிகிறாய், கொஞ்ச நாள் சைக்கிளை நிறுத்தி வை என்றீர்கள். நான் நிறுத்தக்கூடியது அது ஒன்றுதான் என்பதால் அதைச் சொல்கிறீர்கள் என்று எடுத்துக்கொண்டேன். கோபமில்லை.

'எல்லையைத் தாண்டு' என்று பனியனில் அச்சடித்துக்கொண்டு வருகிறவர்களைக் கண்டால் எனக்கு இப்போதும் சிரிப்புதான் வருகிறது. நீங்கள் வெளிநாட்டு வேலைக்குப் போன அந்த வருஷம்தான் ஓட்டத் தொடங்கினேன். இதுவரை எந்த எல்லையையும் தாண்டவில்லை. கழுத்து பிடித்துக்கொள்கிறது, விரல்கள் மரத்துப்போகின்றன, உட்காருகிற இடம் புண்ணாகிறது. ஆனால் சாலையில் எனக்கு ஒரே வேலைதான்: அடுத்த ஊர். அது வரும். வந்ததும் அதற்கடுத்த ஊர். வீட்டில் எந்த வேலையும் அப்படி வந்து முடிவதில்லை.

இந்த வருஷம் இருநூறு, முந்நூறு, நானூறு கிலோமீட்டர் ஓட்டங்கள் மூன்றும் முடிந்திருந்தன. அறுநூறு மட்டும் பாக்கி. நாற்பது மணி நேரத்துக்குள் ஓட்ட வேண்டும். பின்னால் வண்டி வரக் கூடாது, வழியில் யாரும் உதவக் கூடாது. ஆங்காங்கே கன்ட்ரோல் என்று ஓர் இடம் இருக்கும். அது மூடுவதற்குள் போய் அட்டையில் முத்திரை வாங்க வேண்டும். எங்கள் சைக்கிள் குழுவில் ஒரே வருஷத்தில் நான்கையும் முடித்த பெண் ஒருவர்தான். கணக்கு டீச்சர் என்போம். முழங்கால் போனபின் அவர் ஓட்டுவதில்லை, கன்ட்ரோலில் உட்கார்ந்து முத்திரை போடுகிறார். மூடும் நேரம் தாண்டி மூச்சிரைக்க வந்து நின்ற சொந்தத் தம்பியிடம், "அடுத்த வருஷம் சீக்கிரம் கிளம்புடா" என்று சொல்லி முத்திரைப் பெட்டியை மூடியவர். அவரைப் போல நானும் முடிக்க வேண்டும் என்று ஆசைப்பட்டேன். நான் இப்படி எதற்கும் ஆசைப்பட்டு நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள்.

முதல் நாள் நன்றாகவே போனது. இரண்டாம் நாள் எதிர்க்காற்று. மதியம் டீச்சரின் கன்ட்ரோலுக்கு வந்தபோது கையில் நேரம் இருந்தது, கண்ணில் பார்வைதான் இல்லை. தார்ச்சாலை தண்ணீர் போல ஆடியது. அது ஒரு பள்ளிக்கூடத்தின் பேருந்துக் கொட்டகை. தரையில் தார்ப்பாய் விரித்திருந்தார்கள். எங்களுக்குள் ஒரு வழக்கம் உண்டு. படுக்கும் முன் பக்கத்தில் இருப்பவரிடம், இத்தனை நிமிஷத்தில் எழுப்பு என்று சொல்லிவிட்டால் அவர் எழுப்பியே ஆக வேண்டும். திட்டினாலும் அழுதாலும் விடக் கூடாது. தண்ணீர் ஊற்றலாம், கிள்ளலாம். எங்கள் பல் டாக்டரை ஒரு முறை நானே காலைப் பிடித்து வெயிலுக்கு இழுத்துப் போட்டிருக்கிறேன். பிறகு நன்றி சொன்னார். டீச்சரிடம் முத்திரை வாங்கி, இருபது நிமிஷம் என்று சொல்லிவிட்டுப் படுத்தேன்.

கண் விழித்தபோது கொட்டகைக்குள் மாலை வெயில் சாய்வாக வந்திருந்தது. நாற்காலிகளை அடுக்கிவிட்டார்கள். முத்திரைப் பெட்டியைக் கட்டிவிட்டார்கள். அடுத்த கன்ட்ரோல் மூடுவதற்குள் இனி போய்ச் சேர முடியாது. டீச்சர் மட்டும் என் சைக்கிள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்.

நான் பேசியதை எழுத வெட்கமாக இருக்கிறது. இத்தனை வருஷம் இதில் இருந்துவிட்டு இப்படிச் செய்யலாமா, இதைவிட வழியில் என் டயரைக் கிழித்திருக்கலாம் என்றெல்லாம் கத்தினேன். அவர் முழுவதையும் கேட்டார். பிறகு சொன்னார்: "எழுப்பினேங்க. ரெண்டு தடவை. நீங்க எழுந்து உக்காந்து, 'மாமாவைத் திருப்பிப் படுக்க வெச்சுட்டு வந்துடறேன்'னு சொன்னீங்க. ரெண்டு தடவையும் அதேதான். சொல்லிட்டு மறுபடி படுத்துட்டீங்க. மூணாவது தடவை எழுப்ப எனக்குக் கை வரல." மாமா யார் என்று அவர் கேட்கவில்லை.

திரும்பும் வேனில் சைக்கிள்களுக்கு நடுவே உட்கார்ந்து வந்தேன். வீடு நெருங்க நெருங்க, முடிக்காமல் போனது உறுத்தவில்லை. அந்தத் தூக்கம் போதவில்லையே என்றுதான் இருந்தது.

மாமா விழித்துக்கொண்டிருந்தார். முடிச்சிட்டியா என்றார். இல்லை மாமா, நடுவில் தூங்கிவிட்டேன் என்றேன். "தூங்கறதுக்கா அவ்ளோ தூரம் போனே? இங்க என்ன பாய் இல்லையா?" என்று சிரித்தார். உங்கள் தங்கை கிளம்பிப் போனாள். அவரைத் திருப்பிப் படுக்கவைத்து, இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை திருப்ப அலாரம் வைத்து, போனை எப்போதும் போல எங்கள் இருவருக்கும் நடுவே கட்டில் ஓரத்தில் வைத்துவிட்டுக் கீழே படுத்தேன்.

விழித்தபோது பால்காரர் மணி அடித்துக்கொண்டிருந்தார். ஓடிப்போய் மாமாவைத் திருப்பினேன். முதுகும் இடுப்பும் சிவந்து கன்றிப்போயிருந்தன. அலாரம் அடித்ததாம். அடித்த ஒவ்வொரு முறையும் நல்ல கையால் எட்டி அணைத்திருக்கிறார். ஏன் மாமா என்னைக் கூப்பிடவில்லை என்று கேட்டேன். "நீ தூங்கினே" என்றார். அதற்கு மேல் வேடிக்கையாக எதுவும் சொல்லவில்லை. சுவர் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

பயப்பட வேண்டாம், டாக்டர் வந்து பார்த்தார். தோல் கிழியவில்லை, களிம்பு போடுகிறோம், ஆறி வருகிறது. ஆனால் அவர் இப்போதெல்லாம் என்னைக் கூப்பிடுவதைக் குறைத்துவிட்டார். தண்ணீர் கேட்பதில்லை. பகலில் பார்த்துக்கொள்ளும் ஆளிடம் விட்டுவிட்டு நான் ஆய்வகத்துக்குக் கிளம்பும்போது, எல்லாம் சரியாக இருக்கிறது என்கிறார். அவர் கேலி செய்துகொண்டிருந்தவரை என்னால் முடிந்தது. அவர் என்மேல் இரக்கப்படத் தொடங்கிவிட்டால் இந்த வீட்டில் நாங்கள் இருவரும் எப்படி இருப்பது என்று தெரியவில்லை.

அங்கே உங்கள் வேலை ஒப்பந்தத்தை இன்னும் இரண்டு வருஷத்துக்கு நீட்டிக்கக் கையெழுத்துக் கேட்கிறார்கள், என்ன செய்யட்டும் என்று கேட்டிருந்தீர்கள். இது மூன்றாவது முறை. முதல் இரண்டு முறையும் உங்கள் இஷ்டம் என்று சொன்னேன். இந்த முறையும் அப்படித்தான் எழுத உட்கார்ந்தேன். அந்த இரண்டு வார்த்தையும் வரவில்லை.

கையெழுத்துப் போட வேண்டாம்.

எனக்கு எதுவும் வாங்கிவர வேண்டாம். உங்களை அழைத்துவர விமான நிலையத்துக்கு நான் வரமாட்டேன், தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். சாவி பக்கத்து வீட்டில் இருக்கும். நீங்களே கதவைத் திறந்துகொண்டு உள்ளே வந்து, முதலில் மாமாவைத் திருப்பிப் படுக்கவையுங்கள். தோளைப் பிடித்து இழுக்கக் கூடாது. முதுகுக்கும் இடுப்புக்கும் கீழே கை கொடுக்க வேண்டும். தெரியாவிட்டால் அவரே சொல்லித் தருவார், திட்டிக்கொண்டே. பக்கத்தில் நான் தூங்கிக்கொண்டிருந்தால், தயவுசெய்து என்னை எழுப்ப வேண்டாம்.

அன்புடன்,
உங்கள் மனைவி