குதிரில் வெந்த கதிர்கள்

இன்று காலை மகன் மேட்டுக் கொல்லையிலிருந்து ஒரு கூடை மக்காச்சோளக் கதிர் கொண்டுவந்து இறக்கினான். பச்சைத் தோலின் வாசனை வீடெல்லாம் பரவியது. எடுத்துவைக்கப் போனேன். "நீங்க உக்காருங்க அத்தே, நா வெச்சிக்கறேன்" என்று மருமகள் கூடையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். மரியாதையாகத்தான் சொன்னாள். ஏன் சொன்னாள் என்பது எனக்கும் தெரியும், போய்ச் சேர்ந்துவிட்ட உங்களுக்கும் தெரியும்.

சண்டை வந்து பர்மா அரிசி நின்றுபோன வருஷம் அது. ஏரித் தண்ணீர் பற்றாமல் நெல்லும் பாதிதான் கண்டது. மழைக்காலம் முழுக்க நம் ஐந்து பேருக்கும் மேட்டுக் கொல்லை மக்காச்சோளம்தான் சோறாகியிருக்க வேண்டும். ஐப்பசி மழை இருட்டிக்கொண்டு வந்ததால் கதிர்களைப் பச்சையாகவே ஒடித்துவந்தோம். என் பிறந்த வீடு வில்லியனூர்ப் பக்கத்து மேட்டுக்காடு. சோளம் தின்று வளர்ந்தவள் நான். தோலைப் பின்னுக்கு உரித்து, இரண்டிரண்டாக முடிந்து, அடுப்புக்கு மேலே மூங்கிலில் தொங்கவிடலாம், புகையில் காய்ந்துவிடும் என்றேன். நீங்கள் பாகூர் நெல்லுக்காரர். "எங்க வூட்ல தானியம் குதிர்லதான் கெடக்கும். தோரணமா கட்டுவாங்க?" என்று சிரித்தீர்கள். என்னையே ஆளுயர மண் குதிரில் கொட்டவைத்து, நெல்லுக்குச் செய்வதுபோல அதன் வாயைச் சாணியும் மண்ணுமாகப் பூசினீர்கள்.

மூன்றாம் நாள் குதிரின் சுவரைத் தொட்டுப் பார்த்தேன். காய்ச்சல்காரன் நெற்றிபோலச் சுட்டது. உங்களைக் கூப்பிட்டு, உங்கள் கையைப் பிடித்து அதன்மேல் வைத்தேன். சுட்டதுதானே? "இன்னிக்கு வெள்ளிக்கெழம. தொறந்தா லச்சுமி வெளிய பூடுவா" என்றீர்கள். சனிக்கிழமையும் ஆகாது என்றீர்கள். ஞாயிற்றுக்கிழமை கிருமாம்பாக்கத்துக்குக் கல்யாணத்துக்குப் போய்விட்டீர்கள். லட்சுமி உள்ளேயே வெந்துகொண்டிருந்தாள்.

எட்டாம் நாள் புளித்த கள் வாடை தெருவரைக்கும் போனது. திறந்தால் எல்லாம் கறுத்த பூசணம். மாடுகூட முகர்ந்துவிட்டு ஒதுங்கியது. பங்காளிகள் கூடி நின்றார்கள். அவர்கள் முன்னால் வாய் கூசாமல் சொன்னீர்கள்: "இவதாம்பா ஈரத்தோட கொட்டிட்டா. ராசியில்லாத கை."

கூழும் கீரையுமாகக் கழிந்த அந்தப் பட்டினியை எப்போதோ மன்னித்துவிட்டேன். அந்தச் சொல்லை மன்னிக்கவில்லை. குதிர் நிரப்பும்போது முதல் மரக்கால் கொட்ட ராசியான கையைத்தான் அழைப்பார்கள். அதுவரை நம் தெருவில் என்னைத்தான் அழைத்தார்கள். அதற்கப்புறம் ஒருவரும் அழைக்கவில்லை. நம் வீட்டுக் குதிருக்கே உங்கள் தம்பி மனைவியைக் கூப்பிட்டீர்கள், என் கண் முன்னால். "அது எந் தப்புதான்" என்று நாலு பேர் எதிரில் ஒரு நாள் சொல்லியிருந்தால் உங்கள் மீசை உதிர்ந்திருக்காது.

கடைசியில் படுக்கையில் கிடந்தபோது கேட்டீர்கள்: "ஒனக்கு நா எதுனா கொற வெச்சிட்டனாடி?" சாகப்போகிற மனிதர் என்று, இல்லையெனத் தலையாட்டினேன். நிம்மதியாகக் கண்ணை மூடிக்கொண்டீர்கள்.

அந்தத் தலையாட்டலைத் திரும்ப எடுத்துக்கொள்கிறேன். குறை வைத்துவிட்டுத்தான் போனீர்கள்.